பழைய காருக்கு நீட்டித்த வாரண்டி: மன்னார்குடிப் பக்கம் ஒரு குடும்பம் எடுத்த இரண்டு முடிவுகள்

2024 மார்ச்சில் என் அக்கா வீட்டில் ஒரு பழைய கார் வாங்கினார்கள். அதோடு ஒரு வருட நீட்டித்த வாரண்டியும் எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு அன்றைக்குத் தொடங்கி ஆகஸ்ட் வரை நீண்டது. மார்ச்சில் கார்க் கடைக்காரர் விற்க வந்த வாரண்டியை வேண்டாம் என்றோம். ஆகஸ்டில் வேறொரு வாரண்டியைக் காசு கொடுத்து வாங்கினோம். மேலோட்டமாகப் பார்த்தால் முன்னுக்குப் பின் முரண் போலத் தெரியும். இரண்டுக்கும் காரணம் இருந்தது, இரண்டாவது காரணம் டெல்டாக்காரர்களுக்கு எளிதில் புரியும். நான் மன்னார்குடியில் கணக்கு, வரி வேலை பார்ப்பவன். ஒப்பந்தத் தாள்களைப் படிப்பது என் அன்றாட வேலை என்பதால் அக்கா என்னையும் கூட்டிப் போனாள்.

வண்டியும் வீடும்

அத்தானுக்கு மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் உரக்கடை. கொஞ்சம் நிலமும் உண்டு. மாமியாரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கடி அழைத்துப்போக வேண்டியிருந்தது. ஓட்டப்போவது அக்கா. முட்டிவலியால் கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும்.

கிடைத்தது 2020 ஆகஸ்டில் பதிவான பெட்ரோல் ஹேட்ச்பேக். ஏ.எம்.டி. என்ற வகை ஆட்டோமேட்டிக் கியர், 46,000 கிலோமீட்டர், சென்னைப் பதிவு எண், ஒரே ஓனர். தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இருந்த ஒரு கடையில் 5,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார்கள். கையெழுத்துப் போடப்போகும் நேரத்தில் கடைக்காரர் இன்னொரு தாளை நீட்டினார்.

"சார், ஒரு வருஷ எக்ஸ்டெண்டட் வாரண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ் ரெண்டும் கவர். ஆட்டோமேட்டிக் வண்டி, ரிஸ்க் எடுக்காதீங்க. லோன்லயே சேத்துடலாம், மாசம் ஐநூறு ரூபாய்தான் கூடும்."

விலை 16,500, ஜி.எஸ்.டி. 18% சேர்த்து 19,470 ரூபாய்.

கடனோடு சேர்த்தால் என்ன ஆகும்

மாதம் ஐநூறு என்பதை முதலில் பிரித்துப் பார்த்தோம். வண்டிக் கடன் 14% வட்டி, 48 தவணை. 19,470 ரூபாயைக் கடனில் சேர்த்தால் தவணை 532 ரூபாய் கூடும். நான்கு வருடத்துக்கு மொத்தம் 25,500 ரூபாய்க்கு மேல். வாரண்டி 12 மாதத்தில் முடிந்துவிடும், அதற்கான தவணை அதற்குப் பிறகும் 36 மாதம் போகும். பழைய கார் கடைகளில் வாரண்டி விற்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். மொத்தத் தொகை கண்ணில் படாது. இந்தத் தாளை வாங்கினால்தான் கடன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அதைக் கடன் கொடுக்கும் வங்கியிடமே நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

தாளில் எழுதியிருந்தது

முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இன்ஜின், கியர்பாக்ஸ். உள்ளே ஐந்தாம் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் ஆயிலில் நனைந்து ஓடும் உட்பாகங்கள் மட்டும்தான் கவர். பிஸ்டன், கிராங்க், வால்வு, கியர் பல்சக்கரங்கள், இப்படி. ஆயிலுக்கு வெளியே இருக்கும் எதுவும் இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், ஏ.எம்.டி. என்பது தனி வகை கியர்பாக்ஸ் கிடையாது. 2014-ல் மாருதி செலெரியோவில் வந்து இந்தியாவில் பரவிய இந்த முறையில், உள்ளே இருப்பது வழக்கமான மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் காலும் கையும் செய்யாமல் ஆக்சுவேட்டர் என்ற தனிப் பாகம் செய்கிறது. அதை ஒரு கன்ட்ரோல் யூனிட் இயக்குகிறது. ஏ.எம்.டி. வண்டியில் பயப்பட வேண்டிய பாகம் அந்த ஆக்சுவேட்டர். அது கியர்பாக்ஸுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அந்தத் தாளின்படி கவர் இல்லை. கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள், அதுவும் இல்லை. 'ஆட்டோமேட்டிக், ரிஸ்க் எடுக்காதீங்க' என்று சொல்லி விற்ற தாள், ஆட்டோமேட்டிக் என்பதால் கூடுதலாக வரக்கூடிய செலவை முழுசாக வெளியே வைத்திருந்தது.

மற்றவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதல் 30 நாளில் வரும் கோளாறுக்குப் பணம் இல்லை. ஒரு முறைக்கு 25,000, வருடத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய் உச்சவரம்பு. வெள்ளம், தண்ணீர் புகுதல், துரு, எலி கடித்தல், விபத்து, வெளியில் போட்ட எலெக்ட்ரிக்கல் வேலை, வாங்கும்போதே இருந்த பழுது எல்லாம் விலக்கு. பழுது பார்க்க வேண்டிய பணிமனைப் பட்டியலில் நமக்கு அருகில் இருந்தது திருச்சி. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூரே 40 கிலோமீட்டர் போல, அங்கிருந்து இன்னும் 55. இழுத்துப் போகும் செலவு வண்டிக்காரர் பொறுப்பு.

அடுத்து, கொடுப்பது யார் என்று பார்த்தோம். வண்டியைத் தயாரித்த நிறுவனமும் இல்லை, இன்சூரன்ஸ் நிறுவனமும் இல்லை. ஒரு தனியார் சேவை ஒப்பந்தம். தகராறு வந்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது, நுகர்வோர் ஆணையம்தான் வழி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது ஒரு பெரிய வசதி. திருவாரூரிலேயே போடலாம். ஆனால் இருபதாயிரம் ரூபாய்த் தாளுக்காக யாரும் அந்த நிலைக்குப் போக விரும்ப மாட்டார்கள்.

இந்த ஊரில் எது கெடுகிறது

மன்னார்குடியில் நாங்கள் வழக்கமாக விடும் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன், இந்தப் பக்கத்துக் கார்கள் எதற்காக உங்களிடம் வருகின்றன என்று. அவர் யோசிக்கவே இல்லை.

"தை மாசி ஆனா எலிதான் தம்பி. அறுப்பு முடிஞ்சு வயல் காஞ்சதும் அதுங்க வீட்டுப் பக்கம் வரும். வைக்கோல் போர் பக்கத்துல வண்டிய நிறுத்தியிருப்பாங்க. பானட்ட தொறந்தா உள்ள நெல்லு உமி கிடக்கும், ஒயரு பூரா கடிச்சிருக்கும்."

அடுத்து சஸ்பென்ஷன். வாய்க்கால் கரைச் சாலைகளில் ஓடி லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீரில் ஓட்டி வீல் பேரிங் கத்தும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து வண்டி என்றால் உப்புக் காற்றில் அடிப்பாகம் துருப்பிடித்து வரும். ஏ.சி. கூலிங் காயில் லீக். கிளட்ச். பெட்ரோல் வண்டியில் 50,000 கிலோமீட்டருக்குள் இன்ஜின் உள்வேலை வந்ததாக அவருக்கு நினைவே இல்லை, ஆயில் இல்லாமல் ஓட்டியவர்களைத் தவிர.

அவர் சொன்ன பட்டியலையும் தாளின் விலக்குப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அநேகமாக ஒன்றே. இங்கே கெடுவது எதுவோ அது கவர் இல்லை, கவர் இருப்பது எதுவோ அது இங்கே கெடுவதில்லை. இதற்கு மேல் எண் கணக்கு தேவையில்லை, ஆனாலும் போட்டோம். 19,470 கொடுத்து அதிகபட்சம் 50,000 கிடைக்கும். அந்த விலை நியாயம் என்றால், இதுபோன்ற ஐந்து வண்டியில் இரண்டு வண்டிக்கு ஒரே வருடத்தில் முழு ஐம்பதாயிரத்துக்கு இன்ஜின் உள்வேலை வர வேண்டும். எந்த மெக்கானிக்கும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

உயிரோடு இருந்த பழைய வாரண்டி

முடிவை உறுதியாக்கிய தகவல் வேறு இடத்தில் கிடைத்தது. கையெழுத்துப் போடாமல் அன்று திரும்பி வந்து, வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் கொடுத்து வரலாறு கேட்டோம். முதல் ஓனர் வண்டி எடுத்தபோதே நிறுவனத்தின் நீட்டித்த வாரண்டியை நான்கு வருடத்துக்கு எடுத்திருந்தார். அது 2024 ஆகஸ்ட் வரை உயிரோடு இருந்தது. கடைக்காரர் அதைச் சொல்லவே இல்லை. அவர் விற்க வந்த 12 மாதத்தில் முதல் ஐந்து மாதம் ஏற்கெனவே, அதைவிட நல்ல கவரோடு இருந்தது. நிறுவனத்தின் வாரண்டியில் ஆக்சுவேட்டர், கன்ட்ரோல் யூனிட், ஏ.சி. கம்ப்ரெஸர், ஆல்டர்னேட்டர், ஸ்டீயரிங் மோட்டார் எல்லாம் வரும்.

பழைய கார் வாங்குகிற எல்லோரும் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். நிறுவனத்தின் நீட்டித்த வாரண்டி பொதுவாக வண்டியோடு போகக்கூடியது. ஆனால் தானாகப் போகாது, புது ஓனர் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அதே வரலாற்றுத் தாளில் ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டர் இருக்கும். மீட்டரைத் திருப்பியிருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு ஓட்டையும் அதில் தெரிந்தது. 40,000 கிலோமீட்டர் சர்வீஸ் பதிவில் இல்லை. முதல் ஓனர் வெளியில் செய்திருக்கிறார், பில் இல்லை. சர்வீஸ் விடுபட்டால் கிளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு இடம் உண்டு. கவுன்டரில் இருந்தவர் "அதெல்லாம் பரவாயில்லை சார், பாத்துக்கலாம்" என்றார். அந்த வார்த்தையை மெயிலில் கேட்டோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. காசு கட்டி ஒரு முழுச் சோதனையும் சர்வீஸும் செய்துகொண்டால் பெயர் மாற்றம் உண்டு, ஆயில் தொடர்பான இன்ஜின் கிளெய்ம் வந்தால் மட்டும் தனியாகப் பரிசீலிப்போம் என்று. வாய்ப்பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே இருந்த அந்த ஒரு வரி வித்தியாசம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. சோதனை செய்தோம், பெயரை மாற்றினோம்.

சென்னை வண்டி என்பதால் ஒரு கேள்வி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. நாங்கள் வண்டி பார்த்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. மூழ்கிய வண்டிக்கு எந்த வாரண்டியும் உதவாது, எல்லாத் தாளிலும் அது விலக்கு. ஆகவே வாரண்டியைப் பற்றி யோசிக்கும் முன் இதைத் தீர்க்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் இன்சூரன்ஸ் பாலிசியைக் காட்டினார். கிளெய்ம் வாங்காதவருக்குப் புதுப்பிக்கும்போது கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 35%. மூன்று வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லாமல் இருந்தால்தான் 35% வரும், அதனால் வெள்ளக் கிளெய்ம் இல்லை என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாலிசி போட்டது 2023 ஆகஸ்டில். அதில் உள்ள 35% அந்த ஆகஸ்ட் வரைக்கும்தான் சாட்சி. டிசம்பரில் கிளெய்ம் வாங்கியிருந்தாலும் தாளில் 35% அப்படியேதான் இருக்கும், அடுத்த புதுப்பித்தலில்தான் மாறும். ஆகவே முதல் ஓனரையே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கிளெய்ம் நிலவரம் கேட்டு அனுப்பச் சொன்னோம், அனுப்பினார். மெக்கானிக் அண்ணன் தஞ்சாவூருக்கே வந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசி அடியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி மூழ்கியது. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்குக் கீழே வாடை, ஃபியூஸ் பெட்டியில் பச்சை படிந்திருக்கிறதா என்பதையும் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

மார்ச் முடிவு

கடைக்காரரின் வாரண்டி வேண்டாம் என்றோம். அந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றார், விட்டுவிட்டோம். தை, மாசியில் உரக்கடை வசூல் நன்றாக வந்திருந்ததால், அத்தான் 20,000 ரூபாயை எடுத்து வண்டிச் செலவுக்கென்று தனியாகச் சேமிப்புக் கணக்கில் போட்டார். ரிப்பேர் வந்தால் அதிலிருந்து, வராவிட்டால் பணம் நமக்கே. வாரண்டி பற்றி விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் யோசனை இது. நானும் அதைத்தான் சொன்னேன், அந்த நாளுக்கு அது சரி.

ஜூலையில் நடந்தது

2024-ல், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பிய குறுவை பல ஊர்களில் படுத்துவிட்டது. போர்வெல் வைத்திருந்தவர்கள் மட்டும் ஏதோ செய்தார்கள். உரக்கடைக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், ஜூனில் வர வேண்டிய விற்பனை இல்லை. சம்பாவுக்குச் சரக்கு எடுக்கக் கையில் பணம் வேண்டும். அந்தச் சரக்கு மொத்தமும் கடனில் போய் தை அறுப்புக்குப் பிறகுதான் திரும்பி வரும்.

ஜூலைக் கடைசியில், ஆகஸ்டில் முடியப்போகும் வாரண்டியைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோது, அந்தத் தனிக் கணக்கில் 4,000 ரூபாய் சொச்சம் இருந்தது. அத்தான் மறைக்கவில்லை.

"மாப்ள, யூரியா லாரி வந்து நின்னப்ப வேற எங்க எடுப்பேன்? தையில போட்டுடலாம்."

அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. எந்த உரக்கடைக்காரரும் எந்த விவசாயியும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நம் கணக்கு மாறிவிட்டது. 'பணத்தைத் தனியாக வைத்துக்கொள்' என்ற யோசனை, மாதச் சம்பளம் வரும் வீட்டை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. டெல்டா வீட்டில் பணத்துக்குப் பருவம் உண்டு. மாசியில் ஒரு 45,000 ரூபாய் ரிப்பேர் வந்தால் முகம் சுளித்துக்கொண்டு கட்டிவிடலாம். அதே ரிப்பேர் ஐப்பசியில் வந்தால் நகை அடகுக் கடைக்குப் போகும், அல்லது வண்டி தை வரை ஷெட்டில் நிற்கும். மாமியாரின் தஞ்சாவூர் வைத்தியம் தைக்குக் காத்திருக்காது.

நிறுவனத்தின் ஐந்தாம் வருட நீட்டிப்பு விலை 8,900 ரூபாய். நான்காம் வருடம் முடிவதற்குள் எடுத்தால்தான் உண்டு, ஒரு நாள் தாண்டினாலும் கிடையாது. ஆக்சுவேட்டர் மாற்றினால் எவ்வளவு என்று கேட்டதற்குக் கூலியோடு 45,000 அருகில் சொன்னார்கள். ஐந்து வண்டியில் ஒன்றுக்கு அந்தச் செலவு வந்தால் 8,900 நேர் விலை. மெக்கானிக் அண்ணன் அவ்வளவு வராது என்றார். ஏ.சி. கம்ப்ரெஸர், ஸ்டீயரிங் மோட்டார் எல்லாம் சேர்த்தாலும், சராசரிக் கணக்கில் இதுவும் கொஞ்சம் நஷ்டம்தான். நஷ்டம் என்று தெரிந்தேதான் வாங்கச் சொன்னேன். அந்த 8,900-ல் ஒரு பகுதி, ஐப்பசியில் கை ஏந்தாமல் இருப்பதற்கான விலை. அக்கா உடனே சரி என்றாள். கணக்கில் இருந்த 4,000 போக மீதியைத் தன் சீட்டுப் பணத்தில் கொடுத்தாள்.

அதே ஆகஸ்டில் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரையும் சேர்த்தோம், இரண்டாயிரத்துக்குள். சாதாரண முழு இன்சூரன்ஸ் வெள்ளச் சேதத்தை ஏற்கும், ஆனால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்க் கெட்டால் பொதுவாக ஏற்காது. அதற்கு இந்தக் கவர் வேண்டும். இந்த ஊரில் வாரண்டியைவிட இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதை அக்காவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவைத்தோம்.

கடையில் விற்கும் மூன்றாம் நபர் வாரண்டி யாருக்குமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. நிறுவன வாரண்டி முடிந்துபோன டர்போ டீசல், டி.சி.டி. என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் வைத்த வண்டி, உதிரி விலை அதிகமான ஐரோப்பிய வண்டி இவற்றுக்கு, விலையுயர்ந்த பாகம் பெயர் சொல்லித் தாளில் இருந்தால், யோசிக்கலாம். பெயர் சொல்லி இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பிறகு

மழைக்காலம் வண்டிக்குச் சேதமில்லாமல் போனது. 2025 மாசியில் எலி வந்தது, மெக்கானிக் சொன்ன அதே மாதம். ஒயரிங்கில் ஒரு பகுதி மாற்ற 7,200 ரூபாய். எந்த வாரண்டியிலும் இது இல்லை. இன்சூரன்ஸில் கேட்டிருக்கலாம். நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் 50%, அப்புறம் சேரவிருந்த நோ கிளெய்ம் போனஸும் போகும். கூட்டிக் கழித்து, கையிலிருந்தே கட்டினார்கள். நல்லவேளையாக அறுப்புப் பணம் வந்திருந்தது. வைக்கோல் போரை வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கொல்லைப் பக்கம் மாற்றினார்கள்.

வாரண்டியில் வரக்கூடிய எதுவும் கெடவில்லை. 2025 ஆகஸ்டில் ஐந்தாம் வருடம் ஒரு கிளெய்மும் இல்லாமல் முடிந்தது. அத்தான் 8,900 போச்சே என்று ஒருமுறை சொன்னார். அக்கா பதில் சொல்லவில்லை, ஐப்பசியில் தான் நிம்மதியாக ஓட்டியதை என்னிடம் தனியாகச் சொன்னாள். அந்த வண்டிக்கு நிறுவனம் வைத்திருந்த திட்டத்தில் ஐந்து வருடம்தான் உச்சம், ஆறாவது கிடையாது. கடைக்காரர்கள் விற்கும் தாளை மறுபடி பார்க்கும் எண்ணமும் இல்லை.

அந்த வருடம் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தது, குறுவை நடந்தது, கடையில் பணம் புழங்கியது. வண்டிக் கணக்கை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள், இந்த முறை அக்கா பெயரில். பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் அவளிடம்தான். யூரியா லாரி வந்தாலும் அதைத் தொடுவதில்லை என்று அத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். கிளட்ச் பிளேட் 70,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்ற வேண்டிவரும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கிலிருந்து முதலில் எடுக்கப்போவது அதற்குத்தான்.